கஸ்தம் அக்காவும் ரொட்டி சானாய் ரசீதும்

மலேசியாவின் ஜொகூரை விட்டு எந்தப் பொருளும் சோதனை இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று உறுதியாக நம்பியவர்கள் இரண்டே தரப்பு. ஒன்று அரசாங்கத்தின் சுங்கத்துறை. மற்றொன்று எங்கள் ஆபீஸ் கஸ்தம் அக்கா. இரண்டில் எது கண்டிப்பு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். சுங்கத்துறைக்கு எப்போதாவது கொட்டாவி வரும்.

அக்காவுக்கு வேறொரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மலாய் மொழியில் சுங்கத்துக்குப் பெயர் கஸ்தம். அதை அக்காவுக்கு யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. பொருத்தமில்லை என்று யாரும் சொன்னதும் கிடையாது.

ஸ்கூடாயில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. லோரிகளை எடை போடும் இடங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுவது எங்கள் தொழில். செம்பனை ஆலை, அன்னாசித் தொழிற்சாலை, மூவாரில் மரம் வந்திறங்கும் நாற்காலித் தொழிற்சாலை என்று எங்கே எடைப்பாலம் இருக்கிறதோ அங்கே நாங்கள் இருப்போம். முதலாளி பெயர் தேவா. நான் போனை எடுத்து வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குபவன். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் கௌரவமான பெயர் ஒன்று உண்டு. திட்டு என்னவோ தமிழிலும் மலாயிலும்தான் வரும்.

அக்காவின் வேலை, எழுதி முடித்த சாஃப்ட்வேரைப் பெட்டி கட்டுவது. இன்ஸ்டாலர் என்பார்கள். நிஜப் பெட்டி இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரே ஒரு ஃபைல். அதை ஆலையில் உள்ள கம்ப்யூட்டரில் ஓட விட்டால், உள்ளே இருப்பதெல்லாம் இறங்கித் தத்தம் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெட்டிக்குள் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அக்காவுடையது. ஒவ்வொரு ஃபைலையும் நிறுத்தி வைத்து விசாரிப்பார்.

"நீ யாரு? எதுக்குப் போற? அங்க போயி என்னா பண்ணப் போற?"

ஃபைல் பதில் சொல்லாது. எழுதியவன் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் புரோகிராமர் ஃபைசாலின் பாட்டுத் தொகுப்பு முழுவதும் மூவார் நாற்காலித் தொழிற்சாலைக்குக் கிளம்பியிருந்தது. அக்கா பிடித்துவிட்டார். இன்னொரு சமயம் தேவா தீபாவளி வாழ்த்து என்று தன் குடும்பப் படத்தைச் செருகப் பார்த்தார்.

"பாஸ், இந்தப் படத்தால லோரி வெயிட்டு கூடுமா, கொறையுமா?"

"ரெண்டும் இல்ல லா. ஒரு மரியாதைக்கு."

"அப்ப மரியாதையா எறக்கிடுங்க."

ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாராவது லீவில் ஊருக்குப் போவதாகச் சொன்னால் அவர்கள் பையைத் திறந்து "இத்தனை சட்டை எதுக்கு?" என்று கேட்பார். சொந்தத் தங்கை கல்யாணத்தில் தாம்பூலப் பைகளைப் பிரித்து, அதில் கிடந்த பிளாஸ்டிக் சீப்பை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டவர். சிங்கப்பூர் போகும்போது எல்லையில் அதிகாரி ஒருவர் இவர் பையைப் பார்க்காமலே "போங்க" என்று கையசைத்திருக்கிறார். அக்காவுக்கு அவமானமாகிவிட்டது. "தொறந்து பாருங்க சார். பாக்காம எப்படி அனுப்புறீங்க?" என்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பின்னால் நின்ற பஸ் கூட்டம் முழுவதும் அவரைச் சபித்தது. கூட்டத்தில் நானும் இருந்தேன். என் பங்கையும் சேர்த்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியதாயிற்று. லீவு போட்டார். அந்த நாள் பார்த்து, பண்டார் தெங்காரா பக்கம் இருந்த ஒரு செம்பனை ஆலைக்குப் புது சாஃப்ட்வேர் போக வேண்டியிருந்தது.

"அக்கா வந்துடட்டுமே பாஸ்" என்றேன்.

"என்னா பெரிய வித்தை? ஒரு பட்டன அமுக்குறது. அதுக்குப் பல்லு எதுக்கு?" என்றார் தேவா. தன் லேப்டாப்பிலேயே பெட்டி கட்டினார். தானே காரோட்டிக்கொண்டு போய் ஆலையில் போட்டுவிட்டு, வழியில் நல்ல மீன்கறி சாப்பிட்டதாக வேறு சொன்னார்.

மறுநாள் காலை போன் அடித்தது. ஆலையின் எடைப்பால அறையில் கிளார்க்காக இருக்கும் மேரி. சாதாரணமாக மேரி மெதுவாகப் பேசுவார்.

"அண்ணே! எல்லா லோரியும் ஒரே வெயிட்டு காட்டுது!"

"ஒரே சைஸ் லோரியா இருக்கும் மேரி."

"குலை ஏத்துன லோரியும் அதே வெயிட்டு, காலி லோரியும் அதே வெயிட்டு அண்ணே! மேனேஜர் மோட்டார் சைக்கிள்ல பாலத்த தாண்டுனாரு. அவரும் அதே வெயிட்டு!"

"எவ்வளவு?"

"பன்னெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தஞ்சு கிலோ."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கீபோர்டில் சோம்பேறி விரல் வரிசையாக நடந்து போன எண்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சின்னதாக ஒரு ஃபைல் இருக்கும். அதன் பெயர் கான்ஃபிக். இந்த மெஷினுக்கு எடைப்பாலத்தின் வயர் எந்த ஓட்டையில் சொருகியிருக்கிறது, ரசீது எந்தப் பிரிண்டரில் வர வேண்டும், ரசீதின் தலையில் எந்தக் கம்பெனியின் பெயர் வர வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆளுக்கு ஒரு அடையாள அட்டை மாதிரி மெஷினுக்கு ஒன்று. தேவாவின் லேப்டாப்பிலும் ஒன்று இருந்தது. மேல்மாடியில் லோரி ஏறாது இல்லையா, அதனால் பரீட்சைக்காக அதில் 'பொய்த் தராசு' என்று போட்டு வைத்திருந்தார். எதை எடை போட்டாலும் அந்த வரிசை எண்ணைச் சொல்லும் தராசு. பெட்டி கட்டும்போது அவருடைய அந்த ஃபைலும் ஏறிக்கொண்டு போய், ஆலை கம்ப்யூட்டரிலிருந்த அசல் ஃபைலின் மேல் உட்கார்ந்து அதை அழித்துவிட்டது. பாவம் ஆலைக் கம்ப்யூட்டர், தன்னை தேவாவின் லேப்டாப் என்றே நம்பிக்கொண்டிருந்தது.

"இன்னொன்னு அண்ணே" என்றார் மேரி. "ரசீதுல எங்க கம்பெனி பேரு இல்ல. 'தேவா ரொட்டி சானாய் கம்பெனி'ன்னு வருது."

பரோட்டா கடைப் பெயரைப் பரீட்சைக்காகத் தன் லேப்டாப்பில் போட்டு வைத்திருந்த முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகப் பட்டறையை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குப் போன் போட்டோம். விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆள் நேரிலேயே வந்து நின்றார். ஒரு கன்னம் ஆவியில் வெந்த பாவ் மாதிரி வீங்கியிருந்தது. வாய்க்குள் பஞ்சு. கண் மட்டும் வழக்கம்போல.

"யாழு பெழ்ழி கழ்ழுனது?" என்றார்.

"என்னா சொல்றாங்க?" என்று தேவா என்னைக் கேட்டார்.

"யாரு பெட்டி கட்டுனதுன்னு கேக்குறாங்க பாஸ்."

"பல்லு வலிக்கும், பேச வேணாம்னு சொல்லு" என்றார் அவர்.

மூன்று பேரும் காரில் கிளம்பினோம். பண்டார் தெங்காரா சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை. காருக்குள் அக்கா முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, வண்டியோட்டிய முதலாளியை விசாரித்துக்கொண்டே வந்தார். வாயைத் திறக்க முடியாததால் கேள்வியெல்லாம் விரலில். அவர் ஒரு விரலை நீட்டும்போதெல்லாம் தேவா தானாகவே எதையாவது ஒத்துக்கொண்டார். குலாய் ஊரைத் தாண்டுவதற்குள், யாரும் கேட்காத பழைய தப்புகள் சிலவும் வெளியே வந்துவிட்டன.

ஆலைக்கு வெளியே லோரிகள் சாலைவரை நின்றன. செம்பனைக் குலை பறித்தபின் காத்திருக்காது. கிடந்தால் எண்ணெயின் தரம் இறங்கிக்கொண்டே போகும். டிரைவர்கள் கோபத்தின் எல்லையைத் தாண்டி வேடிக்கைக்கு வந்துவிட்டிருந்தார்கள். கையில் ரசீதைப் பிடித்துக்கொண்டு, எங்களைக் கண்டதும் ஒருவர் முதலாளியிடம் வெறும் ரொட்டியும் முட்டை ரொட்டியும் கேட்டுக் கத்தினார்.

"தவுக்கே வந்துட்டாரு! ரெண்டு கோசோங், ஒரு தெலோர்!"

"எனக்குக் கறி தனியா!" என்றார் இன்னொருவர்.

மேனேஜர் என்சேக் ஹலிம் மட்டும் சிரிக்கவில்லை. தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அன்றைக்கு அவ்வளவு நன்றாகப் பேசாமல் இருந்திருக்கலாம்.

"மிஸ்டர் தேவா, நான் ஆலை நடத்துறேன். ரொட்டி கடை இல்ல. மத்தியானத்துக்குள்ள பாலம் ஓடலன்னா உங்க சாமான எல்லாம் தூக்கிட்டுப் போயிடுங்க. எங்க குரூப்புல இருக்குற மத்த ஆலைக்கும் சொல்லிடுவேன்."

மற்ற ஆலைகளும் எங்கள் வாடிக்கையாளர்கள்தான். அவை போனால் மேல்மாடியில் எங்களுக்கு வேலை இருக்காது.

அக்கா நேராக எடைப்பால அறைக்குள் போய் மேசைக்கு அடியில் தவழ்ந்து மறைந்தார். கொஞ்ச நேரம் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு ஒரு கை வெளியே வந்து டார்ச் கேட்டது. அசல் ஃபைல் அழிந்து போனதால் எந்த வயர் எங்கே போகிறது என்று முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது தலையில் ஒட்டடை. உட்கார்ந்து தட்டினார். பொய்த் தராசை நீக்கினார். எண் மறைந்து திரை வெறுமையானது. ஓட்டையை மாற்றிப் பார்த்தார். இப்போது திரையில் கேள்விக்குறியும் கோடும் பூ மாதிரி ஏதோவும் கொட்டின.

"இது என்னா அக்கா?" என்று மேரி பயந்தார்.

"பேசுழான். வேகம் வேழ" என்றார் அக்கா. தராசு பேசுகிறது, ஆனால் வேறு வேகத்தில் பேசுகிறது. கேட்கிறவனும் அதே வேகத்தில் கேட்க வேண்டும். வேகத்தை மாற்றினார். பூக்கள் நின்றன. திரையில் ஒற்றைப் பூஜ்யம் வந்து அமைதியாக உட்கார்ந்தது.

அவ்வளவு அழகான பூஜ்யத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நெஜ வெயிட்டான்னு எப்படித் தெரியும்?" என்றார் ஹலிம். சுற்றுமுற்றும் பார்த்த அக்காவின் கண் முதலாளி மேல் நின்றது. விரலால் பாலத்தைக் காட்டினார்.

தேவா பாலத்தின் நடுவில் போய் நின்றார். லோரி வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. தான் எண்பது கிலோவைத் தாண்டியதில்லை என்று ஆபீசில் வருஷக்கணக்காகச் சொல்லி வருபவர் அவர். மேரி திரையைப் பார்த்து உரக்கப் படித்தார்.

"நூத்திப் பத்து!"

"பாலம் தப்பு!" என்று கத்தினார் தேவா.

ஹலிம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாலம் சரி" என்றார்.

முதல் லோரி ஏறியது, இறங்கியது. சரியான எடை, சரியான பெயர் போட்ட ரசீது. வரிசையில் ஹார்ன்கள் கல்யாண மேளம் மாதிரி முழங்கின. அக்கா வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சிரித்தார்.

ஆனால் ஹலிம் முழுசாக இறங்கி வரவில்லை. "அடுத்த வாரம் உங்க ஆபீசுக்கு வரேன். இது மறுபடி நடக்காதுன்னு காட்டுங்க. அதுக்கப்புறம் முடிவு சொல்றேன்" என்றார்.

அந்த வாரம் அக்கா தன் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. பல் பிடுங்கிய புண் ஆறி, பேச்சும் தெளிவாகிவிட்டது. முதலில், பெட்டி கட்டும் நிரலில் தேவாவின் ஃபைல் பெயரை எழுதி 'இதை ஏற்றாதே' என்று போட்டார். சோதனைக்குக் கட்டிப் பார்த்தால் ஃபைசாலின் புது லேப்டாப்பில் வேறு பெயரோடு ஒரு ஃபைல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஆளு பேரச் சொல்லி நிறுத்துனா, பேர மாத்திக்கிட்டு வருவாங்க" என்றார் அக்கா. "ஆளப் பாக்கக் கூடாது, ஜாதகத்தப் பாக்கணும்."

ஒரு மெஷினுக்கு மட்டும் சொந்தமான எந்த ஃபைலும் இனிமேல் ஒரே மாதிரி வால் உள்ள பெயரோடுதான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். அந்த வால் இருந்தால், யாருடையதாக இருந்தாலும் பெட்டிக்குள் இடமில்லை. கட்டி முடித்த பெட்டியைத் தானாகவே திறந்து மறுபடி சோதிக்கவும் ஏற்பாடு. போய்ச் சேரும் இடத்திலும் ஒழுக்கம் உண்டு: அங்கே ஏற்கெனவே கான்ஃபிக் இருந்தால் அதைத் தொடக்கூடாது; இல்லாவிட்டால் வெற்று மாதிரி ஒன்றை வைத்து, நிரப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். வந்த விருந்தாளி வீட்டுக்காரரின் கட்டிலை இடம் மாற்றக்கூடாது என்பது அக்காவின் விளக்கம்.

கடைசியாக ஒன்று செய்தார். அதை எங்களிடம் சொல்லவில்லை.

ஹலிம் வந்தார். கோப்பி கொடுத்தோம். தேவாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "இப்ப எல்லாம் பக்காவா இருக்கு என்சேக். நானே கட்டிக் காட்டுறேன் பாருங்க" என்று தன் லேப்டாப்பை இழுத்தார். அவசரத்தில், வால் வைத்த தன் ஃபைலைத் தானே கையால் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. பட்டனை அமுக்கினார்.

ஆபீசின் ஸ்பீக்கர் அத்தனையிலும் அக்காவின் குரல் வெடித்தது.

"நில்லு! இத எங்கடா கொண்டு போற? எறக்கு கீழ!"

ஹலிம் கையிலிருந்த கோப்பி சட்டையில் கொட்டியது. கீழே பட்டறையில் ஒரு ஸ்பேனர் விழுந்தது. அக்கா மட்டும் தன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார், வாய் மூடியிருந்தது. அப்போதுதான் பதிவு செய்த குரல் என்று புரிந்தது. திரையில் பெட்டி கட்டும் வேலை நின்றுபோய், தேவாவின் ஃபைல் பெயர் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது.

"அலமாக்!" என்றார் ஹலிம். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "இன்னொரு தடவ அமுக்குங்க."

தேவா அமுக்கினார். "எங்கடா கொண்டு போற?"

"இன்னொரு தடவ."

மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு அக்காவைக் கேட்டார். "முதலாளி நெனச்சா இத நிறுத்த முடியுமா?"

"முதலாளிக்காகத்தான் வெச்சதே" என்றார் அக்கா.

"பாகுஸ்" என்றார் ஹலிம். நல்லது என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் கேட்பது அதுதான் முதல் முறை. உடனே ஒரு நிபந்தனையும் போட்டார். அவர்கள் குரூப்பில் உள்ள எல்லா ஆலைகளிலும், பெக்கான் நானாஸ் அன்னாசித் தொழிற்சாலை உட்பட, ஒரே காலையில் புது சாஃப்ட்வேர் ஏற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் தராசு வேறு, பிரிண்டர் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி. எங்கள் ஆபீசிலிருந்து ஒருவரும் நேரில் போகக்கூடாது. எங்காவது ஒரு பாலம் நின்றால் கதை முடிந்தது.

தேவா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா "சரி" என்றார்.

அந்தக் காலையில் ஆபீசில் யாரும் பசியாறவில்லை. வாங்கி வந்த நாசி லெமாக் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. முதலில் மேரியின் செய்தி வந்தது, ஒரு ரசீதின் படத்தோடு: "எங்க பேருதான் அண்ணே வருது! ரொட்டி இல்ல!" பிறகு ஒவ்வொரு ஆலையாக. "ஓகே லா." "சுடா, போட்டாச்சு." "எல்லாம் முன்ன மாதிரியே இருக்கே, நெஜமா மாத்துனீங்களா?" ஒவ்வொன்றுக்கும் ஃபைசால் மேசையைத் தட்டினான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே இருந்தார்.

பெக்கான் நானாஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

செய்தி அனுப்பினோம், பார்க்கவில்லை. போன் அடித்தோம், எடுக்கவில்லை. தேவா நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். "நான் காரெடுக்கறேன்" என்றார். "நேர்ல போகக் கூடாது பாஸ்" என்றேன். அக்காவின் நெற்றியில் வேர்வையை அன்றுதான் பார்த்தேன். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஆகும்போது அந்தத் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் போனை எடுத்தார். பின்னால் லோரி இரைச்சல்.

"என்னா லா? எதுக்கு இத்தன மிஸ்ட் கால்?"

"சாஃப்ட்வேர் என்னாச்சு அண்ணே?" என்றேன்.

"எந்த சாஃப்ட்வேர்? ஓ, அதுவா! காலையிலயே போட்டாச்சே. உங்களுக்குச் சொல்லணும்ல? மறந்தே போச்சுப்பா. அன்னாசி லோரி வரிசையா வருது, எங்க நேரம்?"

போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தேன். ஃபைசால் நாற்காலி மேல் ஏறிவிட்டான். தேவா என்னைக் கட்டிப்பிடித்தார். நூற்றுப் பத்து கிலோ சரிதான் என்பதற்கு என் விலா எலும்பு சாட்சி. கீழே பட்டறைக்காரர்கள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

"கேட்டீங்களா?" என்றார் அக்கா. "மறந்துட்டாங்களாம்!" உலகத்திலேயே பெரிய பட்டத்தைக் கொடுத்துவிட்டது மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே சாப்பிட்டார். இன்னொன்றையும் சாப்பிட்டார். அது என்னுடையது.

ஹலிம் மாலையில் போன் செய்து, குரூப்பின் வேலை முழுவதும் எங்களுக்கே என்று சொன்னார். அந்தக் கம்பெனி இன்று இரண்டு மாடியாக வளர்ந்திருக்கிறது. பட்டறை வேறு இடத்துக்குப் போய்விட்டது. அக்கா அங்கேயேதான் இருக்கிறார். புதிதாகச் சேரும் பையன்கள் எல்லோரும் நடுங்குகிறார்கள் என்று கேள்வி. நான் வேலை மாறி, தினமும் கடல் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வருகிறேன்.

போன வாரம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னா விஷயம்?" என்றார்.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான்."

"சும்மா பேச எனக்கு எங்கடா நேரம்? வேல கெடக்கு" என்றார்.

பஸ் எல்லையைத் தாண்டி, நான் இறங்கி, ஆபீஸ் வாசலுக்கு வந்து சேரும்வரை அவர் போனை வைக்கவில்லை. வாசலில் நின்றபடி நானும் வைக்கவில்லை.